இரு கரைகளின் எம்.எல்.ஏ.

பென்னாகரத்திலிருந்து ஏரியூர்ப் பக்கம் போகும் சாலை நாகமரையில் முடிந்துவிடும். அதற்கு மேல் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. அக்கரையில் தெரிவது சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. சந்தைக்குப் போகிறவர்கள், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள், இருசக்கர வண்டியோடு படகேறுகிறவர்கள் என்று இரு கரைக்கும் நடுவே எந்நாளும் நடமாட்டம் உண்டு. ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் இடையிலும் இதே கதைதான். படகு ஓடவில்லையென்றால் அணையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாலம் கேட்டு மனு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மனு கொடுக்கிறார்கள்.

இக்கரை பென்னாகரம் சட்டமன்றத் தொகுதி. அக்கரை மேட்டூர் தொகுதி. இரண்டு கரைக்கும் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் பாட்டாளி மக்கள் கட்சியின் ஜி.கே.மணி. 1996-லும் 2001-லும் பென்னாகரம், 2006-ல் மேட்டூர், 2021-ல் மறுபடியும் பென்னாகரம். நடுவில் 1998 முதல் 2022 மே மாதம் வரை கட்சியின் மாநிலத் தலைவர் பதவியும் அவரிடமே இருந்தது. தமிழ்நாட்டில் ஒரு கட்சியின் தலைவர் நாற்காலியில், அந்தக் கட்சியைத் தொடங்கியவராகவோ தொடங்கியவரின் பிள்ளையாகவோ இல்லாமல், இத்தனை காலம் உட்கார்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படிப்பட்ட ஒருவரால் அவருடைய ஊருக்கு என்ன கிடைத்தது? கேள்வி ஜி.கே.மணியைப் பற்றியது மட்டுமல்ல. தமிழ்நாட்டின் சிறிய கட்சியில் ஆயுளைக் கொடுக்கும் எந்த மாவட்டத்து அரசியல்வாதிக்கும் இது பொருந்தும்.

பதவி வேண்டாதவரின் கட்சி

பா.ம.க.வில் தலைவர் என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. 1980-ல் வன்னியர் சங்கம். 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். அதில் 21 உயிர்கள். 1989-ல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கிய 20 விழுக்காடு. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கட்சியின் பிறப்பு. இந்த வரலாறு முழுக்க மருத்துவர் ராமதாஸைச் சுற்றி எழுதப்பட்டது. தானும் தன் குடும்பத்தாரும் பதவிக்கு வரமாட்டோம் என்று அவர் தொடக்கத்தில் சொல்லியிருந்தார். எனவே நிறுவனர் ஒருவர், தலைவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு வந்தது. தொண்டர்களுக்கு ராமதாஸ் ‘அய்யா’, அவர் மகன் அன்புமணி ‘சின்ன அய்யா’. தலைவர் வெறும் தலைவர்தான்.

இந்த நாற்காலியில் நிலைத்திருக்க ஒரு தனிக் குணம் வேண்டும். நாற்காலி தன்னுடையது என்று ஒருநாளும் நினைக்கக் கூடாது. பா.ம.க.வில் முன்வரிசைக்கு வந்த பலர் காலப்போக்கில் வெளியேறினார்கள். வேறு கட்சிக்குப் போனவர்கள் உண்டு, தனிக் கட்சி கண்டவர்களும் உண்டு. மணி இருந்தார். முடிவுகள் ராமதாஸின் தைலாபுரம் தோட்டத்தில் எடுக்கப்பட்டன. அவற்றைச் சென்னையில் அறிவிப்பதும், எதிர்த்தரப்பின் கோபத்தைத் தணிப்பதும், தொகுதிப் பங்கீட்டு மேசையில் காகிதத்தை விரிப்பதும் தலைவரின் வேலை.

அந்த வேலையின் சுமையை அறிய கூட்டணிக் கணக்கைப் பார்த்தாலே போதும். 1998 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. அணி. 1999-ல் தி.மு.க. அணி. 2001 சட்டமன்றத் தேர்தலில் மறுபடி அ.தி.மு.க.: 27 இடங்களில் நின்று 20-ல் வெற்றி. 2004-ல் தி.மு.க. அணியில் போட்டியிட்ட எல்லா இடங்களிலும் வெற்றி. டெல்லியில் அன்புமணி சுகாதாரத் துறை அமைச்சர். 2006-ல் அதே அணியில் 31-ல் 18. 2009-ல் அ.தி.மு.க. பக்கம் தாவி எல்லா இடங்களிலும் தோல்வி. 2011-ல் தி.மு.க. பக்கம் திரும்பி 30-க்கு 3. 2014-ல் பா.ஜ.க. அணியில் ஒரே ஓர் இடம், அதுவும் தருமபுரி. 2016-ல் தனித்து நின்று பூஜ்யம். 2019-ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து மறுபடி பூஜ்யம். 2021-ல் அதே அணியில் 23-க்கு 5.

நேற்று வரை மேடையில் வசைபாடிய கட்சியின் அலுவலகத்துக்கு இன்று பொன்னாடையோடு போய்ப் படியேற வேண்டும். மூன்றாண்டு கழித்து அதே படியில் இறங்கி வர வேண்டும். இதைக் கால் நூற்றாண்டு செய்தும் இரண்டு பெரிய கட்சிகளிலும் தனக்கென்று பகையைச் சேர்த்துக்கொள்ளாத மனிதர் என்பது மணியைப் பற்றி எதிராளிகளும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

பென்னாகரம் என்ற எடைக்கல்

அவருடைய தேர்தல் வெற்றிகளில் முதலாவதற்குத் தனி மதிப்பு உண்டு. 1996-ல் தமிழ்நாட்டில் அடித்தது ஜெயலலிதா எதிர்ப்பு அலை. அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். தி.மு.க.வும் மூப்பனாரின் த.மா.கா.வும் சேர்ந்த அணி மாநிலத்தை வாரிச் சுருட்டியது. எந்தப் பெரிய கட்சியின் துணையும் இல்லாத பா.ம.க., வாழப்பாடி ராமமூர்த்தி இருந்த திவாரி காங்கிரஸோடு கைகோத்து நின்றது. வென்றது நான்கே இடங்கள்: ஆண்டிமடம், தாரமங்கலம், எடப்பாடி, பென்னாகரம்.

வாழப்பாடியாரும் இந்த மண்ணோடு தொடர்புள்ளவர். 1977-ல் தருமபுரி மக்களவை உறுப்பினர். பிறகு கிருஷ்ணகிரியில் பல முறை. 1991-ல் காவிரிப் பிரச்சினைக்காக மத்திய அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். ஆற்றுக்காகப் பதவியைத் துறப்பது எளிதல்ல. துறப்பதற்கு முதலில் ஒரு பதவி கையில் இருந்தாக வேண்டும் என்பதும் உண்மை. மணிக்கு அப்படியொரு வாய்ப்பு வரவே இல்லை. நான்கு முறை எம்.எல்.ஏ., கட்சியின் சட்டமன்றக் குழுத் தலைவர், மாநிலத் தலைவர் என்றிருந்தவர், அமைச்சராக ஒரு நாளும் இருந்ததில்லை.

2010 இடைத்தேர்தல்தான் பென்னாகரத்தின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. தி.மு.க. எம்.எல்.ஏ. பெரியண்ணன் இறந்ததால் மார்ச் 27 அன்று வாக்குப்பதிவு. தி.மு.க.வுக்கு அவருடைய மகன் இன்பசேகரன். பா.ம.க.வுக்கு மணியின் மகன் தமிழ்க்குமரன், பின்னாளில் லைகா திரைப்பட நிறுவனத்தின் பொறுப்பாளராக அறியப்பட்டவர். இரண்டு அணிகளாலும் கைவிடப்பட்டுக் கட்சி தனித்து நின்ற நேரம். ஆளுங்கட்சி அமைச்சர்கள் ஊர் ஊராக முகாமிட்டார்கள். இன்பசேகரன் 77,669 வாக்குகள் பெற்று வென்றார். தமிழ்க்குமரன் 41,285 பெற்று இரண்டாமிடம். அ.தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போய் வைப்புத்தொகையை இழந்தது.

தோற்ற கட்சி அன்று பட்டாசு வெடிக்காத குறைதான். தனியாக நின்றால் பா.ம.க.வுக்கு எவ்வளவு வாக்கு என்று எடைபோட்டுக் காட்டிவிட்டது பென்னாகரம். ஓராண்டுக்கு முன்பு எந்த அணியும் வேண்டாம் என்று ஒதுக்கிய கட்சிக்கு 2011-ல் தி.மு.க. 30 தொகுதிகளைக் கொடுத்ததில் அந்த 41,285 வாக்குகளுக்குப் பங்கு உண்டு. அந்த எடையை வைத்துப் பேரம் பேசியவர், மகனைக் களத்தில் இறக்கித் தோற்ற அதே மணி.

பேரத்தில் கிடைத்தவை தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடந்த தொகுதிகள். பென்னாகரம் எடைக்கல்லாகப் பயன்பட்டது. எடைக்கல்லுக்குச் சரக்கில் பங்கு கிடைப்பதில்லை.

மூன்று ஊர்கள், மூன்று பாதைகள்

இதைப் புரிந்துகொள்ள இன்னொரு மணியைப் பார்க்க வேண்டும். கேரளத்தின் பாலா தொகுதி 1965-ல் உருவானதிலிருந்து 2016 வரை நடந்த 13 தேர்தல்களிலும் கே.எம்.மணியைத் தவிர யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய கேரளா காங்கிரஸ் ஒரு வட்டாரக் கட்சி. மத்திய கேரளத்தின் ரப்பர்த் தோட்டக்காரர்களும் சிரியன் கிறிஸ்தவர்களும்தான் அதன் பலம். எண்ணிக்கையில் பா.ம.க.வைவிடப் பெரிய கட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் கேரளத்தில் கூட்டணி என்றால் அமைச்சரவையிலும் கூட்டணி. கே.எம்.மணி நிதியமைச்சராக 13 நிதிநிலை அறிக்கைகளைத் தாக்கல் செய்தார். ஏழைகளின் சிகிச்சைக்கு லாட்டரி வருமானத்தைத் திருப்பிவிட்ட ‘காருண்யா’ திட்டம் அவர் காலத்தியது. மதுக்கடை உரிம லஞ்சப் புகாரில் 2015-ல் பதவி விலக நேர்ந்ததும் அவர் கதையின் ஒரு பகுதிதான். 2019-ல் அவர் இறந்தபின் கட்சி மகனுக்கும் மூத்த தலைவருக்கும் இடையே உடைந்ததும் அப்படியே.

இரண்டு மணிகளின் திறமையை ஒப்பிட்டுப் பயனில்லை. இருவரும் நின்ற தரை வேறு. தமிழ்நாட்டில் 1952-க்கு அப்புறம் இந்தத் தரை எப்படி இறுகியது என்பது பா.ம.க.வுக்கு முந்திய வன்னியர் கட்சிகளே சாட்சி சொல்லும் கதை. முதல் பொதுத்தேர்தலில் ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பிடித்தன. பெரும்பான்மை இல்லாத காங்கிரஸுக்கு இவர்கள் தேவைப்பட்டார்கள். மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். படையாட்சியார் 1954-ல் காமராஜர் அமைச்சரவைக்கு வந்தார். அமைச்சர்களானார்கள், கட்சிகள் கரைந்துபோயின.

ராமதாஸ் அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்தார். கட்சி கரையக் கூடாது, எனவே பேரம் தொடர வேண்டும். ஆனால் 2006-ல் 96 இடங்களோடு கருணாநிதி சிறுபான்மை அரசு அமைத்தபோதும், 34 இடங்கள் கொண்ட காங்கிரஸும் 18 இடங்கள் கொண்ட பா.ம.க.வும் வெளியிலிருந்தே ஆதரவு தந்தன. கோட்டையில் பங்கு கேட்கும் வாய்ப்பு அதைவிட வாகாக வராது. அது நழுவியது. மேட்டூர் எம்.எல்.ஏ.வாக மணி அந்த ஐந்தாண்டும் கோரிக்கை வைக்கும் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பாதை அண்டை ஊரிலேயே இருக்கிறது. எடப்பாடி தொகுதியில் 1996-லும் 2006-லும் வென்றது பா.ம.க. 2006-ல் அந்தக் கட்சியிடம் தோற்றவர் எடப்பாடி பழனிசாமி. அவர் பெரிய கட்சியில் காத்திருந்தார். 2017-ல் முதலமைச்சரானார். மேட்டூர் அணை நிரம்பி வழியும்போது வீணாகும் நீரைத் திப்பம்பட்டியிலிருந்து இறைத்துச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்துக்கு 565 கோடி ரூபாய் ஒதுக்கினார். 2020-ல் அடிக்கல், 2021 தேர்தலுக்கு முன் அதன் முதற்கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

அதே காவிரி ஒகேனக்கல்லில் தமிழ்நாட்டுக்குள் அருவியாக விழுகிறது. மேட்டூருக்கு வருமுன் அது தொடும் மண் பென்னாகரம் வட்டம். உபரிநீரை ஏற்றித் தருமபுரி மாவட்டத்து ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது பா.ம.க.வின் பழைய கோரிக்கை. இதற்காக அன்புமணி 2022 ஆகஸ்டில் ஒகேனக்கல்லிலிருந்து நடைப்பயணம் போனார். 2024 அக்டோபர் 4 அன்று மாவட்டத்தில் அரை நாள் கடையடைப்பு நடந்தது. ஒரே ஆற்றின் ஒரே வெள்ளநீர். முதலமைச்சரின் மாவட்டத்துக்குக் குழாய் வழியே போனது. கூட்டணிக் கட்சித் தலைவரின் மாவட்டத்துக்கு நடைப்பயணமாகவும் கடையடைப்பாகவும் வந்தது.

கோரிக்கையின் எடை

ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினால் அது பொய். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். காவி ஏறிய பற்களோடும் வளைந்த கால்களோடும் ஒரு தலைமுறை வளர்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 1998-ல் டெல்லியில் கர்நாடகத்தின் ஒப்புதல் பெறப்பட்டது. 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். உடனே கர்நாடகத்தில் கொந்தளிப்பு எழுந்து, அங்கே தேர்தல் முடியும்வரை திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் செலவில் முடிந்த அதை 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்குக் காவிரி நீர் வந்தது. இந்த வட்டாரத்தில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த பெரிய காரியம் எதுவென்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். கல்வெட்டுகளில் இருப்பவை இரண்டு பெரிய கட்சிகளின் பெயர்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்ட மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதைக்கு அன்புமணி எம்.பி.யாக இருந்தபோது, 2019-ல் மறுபடி அடிக்கல் விழுந்தது. அது மத்திய அரசின் வேலை. கட்சி அப்போது டெல்லியின் கூட்டாளி.

பா.ம.க. பேச்சு மேசையில் எதையும் வெல்லவில்லை என்பதும் சரியல்ல. 2019-ல் அ.தி.மு.க.வோடு ஒப்பந்தம் போட்டபோது பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தது. அவற்றுள் ஒன்றான காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் 2020 பிப்ரவரியில் சட்டமானது. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சட்டம் நிற்கவில்லை. ஆனால் மேசையில் கனமாக வைக்கப்பட்ட கோரிக்கை எவ்வளவு வேகமாக நகரும் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

நாகமரைக்கும் ஒட்டனூருக்கும் அந்த கனம் ஒருபோதும் கிடைக்கவில்லை. சாதிக்கான கோரிக்கைக்கு மாநிலம் முழுக்க வாக்கு இருக்கிறது. ஓர் ஊரின் பாலத்துக்கு இரண்டு ஒன்றியங்களின் வாக்குதான். கட்சித் தலைவரே அந்த ஊரின் எம்.எல்.ஏ.வாக இருந்தும், தலைவராகப் பேசும்போது அவர் பேசியது முதலாவதை. 2023 ஏப்ரலில் தருமபுரி பா.ம.க. எம்.எல்.ஏ. வெங்கடேஸ்வரன், தமிழக வீரர்கள் இல்லாத சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைத் தடை செய்ய வேண்டும் என்று சட்டமன்றத்தில் பேசியது நாடு முழுக்கச் செய்தியானது. உபரிநீர் பற்றி அதே அவையில் பேசியவை மாவட்டப் பக்கத்தைத் தாண்டவில்லை. குற்றம் பேசியவர்களுடையது மட்டுமல்ல, செய்தி எழுதுகிற நம்முடையதும்தான்.

மணியின் தலைமைக் காலத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் தருமபுரியைப் பற்றி எழுத முடியாது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நாயக்கன்கொட்டாய் பகுதியில் தலித் மக்களின் மூன்று குடியிருப்புகள் தாக்கப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து நடந்த வன்முறை அது. பா.ம.க. தலைமை ‘நாடகக் காதல்’ என்ற பிரசாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன காலம். கட்சி வன்முறையில் தனக்குப் பங்கில்லை என்றது. அடுத்த மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் அன்புமணி வென்றார். மென்மையாகப் பேசுபவர் என்று பெயரெடுத்த தலைவர், தன் மாவட்டத்தின் தலித் மக்களிடம் அந்த மென்மையோடு போய் நிற்க வேண்டிய நேரம் அது. கட்சியின் பிரசாரமே அப்போது அவருடைய குரலாகவும் இருந்தது. அந்தக் குடியிருப்புகளில் கேட்டால், நீண்ட கால அரசியல் அனுபவம் என்பதற்கு வேறு அர்த்தம் சொல்வார்கள்.

வீட்டுக்குள் வந்த இரு கரை

2022 மே மாதம் அன்புமணி தலைவரானார். மணி கௌரவத் தலைவரானார். நிறுவனரின் பழைய சபதத்தை யாரும் அன்று நினைவூட்டவில்லை. மகன் மத்திய அமைச்சரான 2004-லேயே அது காலாவதியாகிவிட்டது.

2024 டிசம்பர் 28 அன்று புதுச்சேரியை ஒட்டிய பட்டானூரில் கூடிய பொதுக்குழுவில், பேரன் முகுந்தனை இளைஞர் சங்கத் தலைவராக ராமதாஸ் அறிவித்தார். மேடையிலேயே அன்புமணி மறுத்தார். 2025 ஏப்ரல் 10 அன்று, இனி நானே தலைவர், அன்புமணி செயல் தலைவர் என்று ராமதாஸ் அறிவித்தார். எதிரெதிர்க் கட்சிகளுக்கு இடையே தூது போவதில் காலத்தைக் கழித்த மணி, அய்யாவுக்கும் சின்ன அய்யாவுக்கும் நடுவே தூது போனார். அது பலிக்கவில்லை. கடைசியில் ராமதாஸ் பக்கம் நின்றார்.

2021-ல் வென்ற ஐந்து பா.ம.க. எம்.எல்.ஏ.க்களில் மணியும் சேலம் மேற்கு அருளும் ஒரு பக்கம். தருமபுரி, மேட்டூர், மயிலம் உறுப்பினர்கள் மறுபக்கம். சட்டமன்றக் குழுத் தலைவர் பொறுப்பை மணியிடமிருந்து எடுத்துத் தருமபுரி வெங்கடேஸ்வரனுக்குக் கொடுக்கும்படி அன்புமணி தரப்பு கேட்டது. ஒரு காலத்தில் மணியே எம்.எல்.ஏ.வாக இருந்த மேட்டூர், அரசியலிலும் அக்கரைக்குப் போய்விட்டது.

நாற்காலியைத் தன்னுடையதாக நினைக்காததால்தான் மணி அதில் இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்தார். அதே காரணத்தால், நாற்காலியின் உரிமையாளர்கள் சண்டையிட்டபோது சொந்தமாக நிற்க அவருக்குத் தரை இருக்கவில்லை. தன் ஊருக்காகக் கட்சியிடம் அடம்பிடிக்காத தலைவரைக் கட்சி விரும்பும். அடம்பிடிக்கும் எம்.எல்.ஏ. ஊருக்குத் தேவை. இரண்டையும் ஓர் ஆளே செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தது பா.ம.க.வின் அமைப்பு. இதில் ஊர் தோற்றது.

ஒப்பந்தத்தில் ஒரு பக்கம்

இதற்கு மாற்று உண்டா? கேரளம்போல் அமைச்சரவையில் பங்கு என்பது ஒரு வழி. பெரிய கட்சிகள் மனமுவந்து அதைத் தருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத எளிய வழி ஒன்றும் இருக்கிறது. கூட்டணி ஒப்பந்தத்தில் தொகுதி எண்ணிக்கையும் மாநிலங்களவை இடமும் எழுதப்படும் அதே தாளில், போட்டியிடும் தொகுதிகளின் வேலைகளையும் தொகையோடும் காலக்கெடுவோடும் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். ஒட்டனூர்–கோட்டையூர் பாலம் ஒரு வரி. தருமபுரி உபரிநீர்த் திட்டம் இன்னொரு வரி. ஒரு மாவட்டத்தில் கட்சிக்கு ஐந்து தொகுதிகளில் வாக்கு இருக்கிறதென்றால், அந்த மாவட்டத்துக்கு ஒப்பந்தத்தில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். பத்துக் கோரிக்கைகளை எழுதி வாங்கிப் பழகிய கட்சிக்கு இது புதிதல்ல.

இதற்கு வரும் பதில் தெரிந்ததுதான்: ஆட்சி அமைந்தால்தானே ஒப்பந்தம் செல்லும்? 2021-ல் தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்குப் போயின, கோட்டைக்குப் போனது தி.மு.க. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வால் என்ன செய்ய முடியும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் மணி எம்.எல்.ஏ.வாக இருந்த பதவிக்காலங்களில் 2001-ல் ஜெயலலிதாவும் 2006-ல் கருணாநிதியும் ஆட்சிக்கு வந்தது அவருடைய கட்சி இடம்பெற்ற அணியின் வெற்றியால்தான். இரண்டு முறையும் உறவு பாதியில் முறிந்தது. எழுதி வாங்கியிருந்தால் முறிவுக்குப் பின்னும் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டிருக்கலாம்.

மலைமேல் இருக்கும் ஊர்களுக்கு இந்தத் தாள் இன்னும் அவசியம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.54 விழுக்காடு. பிழைப்புக்குப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்தேறுகிறவர்களின் ஊர். அதற்குள்ளும் பின்தங்கிய மூலைகள் உண்டு. பென்னாகரம் தொகுதியில் வட்டுவனஹள்ளி ஊராட்சியைச் சேர்ந்த கோட்டூர் மலை அவற்றுள் ஒன்று. காட்டுக்குள் சாலை போட வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் கோப்பு நகர வேண்டும். கோப்பை நகர்த்த ஆள் வேண்டும்.

2021 ஏப்ரல் 6 தேர்தலுக்கு முந்தின நாள், கோட்டூர் வாக்குச்சாவடிக்கான மின்னணு இயந்திரங்கள் கழுதைகள் மேல் ஏற்றி மலைக்குக் கொண்டுபோகப்பட்டன. படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அந்தத் தேர்தலில் ஜி.கே.மணி 1,06,123 வாக்குகள் வாங்கினார். இன்பசேகரனை 21,186 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாநிலத்தில் பா.ம.க. வென்ற ஐந்து இடங்களில் அது ஒன்று. மலையிலிருந்து கீழிறங்கி வந்து எண்ணப்பட்ட கோட்டூரின் வாக்குகளும் அந்தக் கூட்டலுக்குள் இருக்கின்றன. அடுத்த கூட்டணிப் பேச்சில் பென்னாகரத்தின் எடையாக மேசைக்கு வரும் எண்ணிக்கையில் அவையும் சேர்ந்திருக்கும்.